இன்ஜின் மாற்றிய நீலக் கார்

1

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், மஸ்கட்டில் என் ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து தயிர்சாத டப்பாவைத் திறந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. ‘அன்புள்ள திரு. கஸ்தூரி, தங்கள் காரின் இன்சூரன்ஸ் இந்த மாதத்தோடு முடிகிறது.’ கார் வாங்கி ஒரு வருஷம் ஓடிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. கூடவே அந்தத் ‘திரு’வும் உறைத்தது.

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஊரிலுள்ள இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண்.

“சாரி மேடம். இந்த மாடல் காருக்கு லேடீஸ் பேர்ல யாரும் எடுத்ததில்ல. அதான் டைப் பண்ணவங்க பழக்கத்துல போட்டுட்டாங்க.”

“பரவால்ல. இப்ப மாத்துங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

“நாளைக்கு மாத்திடுறோம் மேடம்.”

“நாளைக்கு வேணாம்மா. நான் இருக்கேன், நீங்க மாத்துங்க.”

பதினோரு நிமிஷம் இருந்தேன். மாற்றினாள். பிறகுதான் சாப்பிட்டேன்.

அந்தக் கார் விஷயமாக என் ஊர் இலுப்பூரில் ஒரு வருஷமாக என்னென்னவோ பேசிக்கொள்கிறார்கள். திருட்டுக் காரை வாங்கிவிட்டேன் என்கிறார்கள். யாரோ அடிபட்டுச் செத்த வண்டியின் இன்ஜினை வைத்து ஓட்டுகிறேன் என்கிறார்கள். புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வாங்கினேன் என்கிறார்கள். மஸ்கட்காரிக்குத் திமிர் ஏறிவிட்டது என்கிறார்கள். கடைசியாகச் சொன்னதை மட்டும் நான் மறுக்கப்போவதில்லை. மற்றதற்கெல்லாம் இதுதான் என் பதில். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

2

மஸ்கட்டில் வாதி கபீர் என்று ஒரு பகுதி. ஒர்க் ஷாப்புகளும் உதிரி பாகக் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அதில் ஒரு கடையில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறேன். டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். இப்போது ஆர்டர் எடுக்கிற மேசை என்னுடையது. எந்த இன்ஜினுக்கு எந்த கேஸ்கெட், எந்த வருஷத்து வண்டிக்கு எந்த பம்ப் என்பதெல்லாம் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லுவேன். ஆரம்பத்தில் என் குரலைக் கேட்டதும், “ஆம்பளைங்க யாராவது இருந்தா குடு” என்று அரபியிலும் இந்தியிலும் கேட்பார்கள். இப்போது நான் லீவில் போனால், “அவ வந்ததும் பேசிக்கிறோம்” என்று போனை வைத்துவிடுகிறார்களாம்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து சமையல். ஏழரைக்கு மேசை. மத்தியானம் டப்பா. சாயங்காலம் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு. என் கணவர் கணேசன் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் கீப்பர். நல்ல மனுஷன். கார் ஓட்டுவதென்றால் மட்டும் அவருக்கு வேர்த்துவிடும். அதனால் வீட்டு வேனை ஓட்டுவது நான்தான். லைசென்ஸ் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. இங்கே டிரம் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. இரண்டு வரிசை டிரம்களுக்கு நடுவில் வண்டியை ரிவர்ஸில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஐந்து தடவை தோற்றேன். ஐந்தாவது தடவை டிரம்மைச் சாய்த்தபோது வெளியில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். ஆறாவது தடவை பாஸ் ஆனேன். அப்போது கைதட்ட அங்கே யாரும் இல்லை.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ வேகமான கார்களின் இன்ஜினுக்கு நான் சாமான் வரவழைத்துக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றைக்கூட ஓட்டியதில்லை. என் வேலை இன்னும் இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ. எங்களைப் போன்றவர்களின் வேலைகளை ஒவ்வொன்றாக இந்த நாட்டுக்காரர்களுக்கே கொடுத்து வருகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் ஊர், அவர்கள் வேலை. ஆனால் திரும்பிப் போகுமுன் எனக்கென்று ஒன்று வாங்க வேண்டும், அது என் பெயரில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

“இங்கயே வாங்கி ஓட்டலாமே, ரோடு நல்லா இருக்கே” என்று கணேசன் கேட்டார்.

“இங்க ஓட்டுனா யாரு பாக்கப்போறா? நான் இலுப்பூர்ல ஓட்டணும்.”

“ஒன் இஷ்டம்” என்றார் அவர். எங்களுக்குள் நடந்ததாகச் சொல்லப்படும் சண்டை இவ்வளவுதான்.

ஏன் இலுப்பூர் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எனக்குப் பதினெட்டு வயதில், அண்ணனுடைய மொபெட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு வந்தேன். கால் மணி நேரம்கூட இருக்காது. நான் வீட்டுக்கு வருவதற்குள் மூன்று பேர் வந்து அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அப்பா அடிக்கவில்லை. மொபெட்டின் சக்கரத்தில் ஒரு சங்கிலியைப் போட்டுப் பூட்டிச் சாவியை அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார். சின்ன ஊரைப் பற்றி வெளிநாட்டில் இருப்பவர்கள் ஏக்கத்தோடு எழுதுவதை நானும் படித்திருக்கிறேன். எனக்கு அந்தச் சங்கிலிதான் ஞாபகம் வரும்.

3

போன வருஷம் நாற்பத்தைந்து நாள் லீவில் மகள் யாழினியோடு ஊருக்குப் போனேன். கணேசனுக்கு லீவு கிடைக்கவில்லை. யாழினிக்கு அப்போது பத்தொன்பது வயது. அயர்லாந்தில் படிக்க இடம் கிடைத்திருந்தது. இலுப்பூருக்கு வரவே மாட்டேன் என்றாள். “அங்க எனக்கு யாரையும் தெரியாது அம்மா” என்றாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மைதான். மஸ்கட்டில் பிறந்து, மலையாளப் பிள்ளைகளோடு வளர்ந்த பெண். அவளுடைய தமிழில் பாதி மலையாளம், மீதி இங்கிலீஷ். பெரியவர்களை ‘நீ’ என்பாள், பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணை ‘நீங்க’ என்பாள். ஊர் போய்ச் சேர்ந்த முதல் நாளே, “மாமா, நீ நல்லா தடிச்சுப் போச்சு” என்று என் அண்ணனிடம் சொல்லி அவர் முகத்தைச் சிறுக்க வைத்தாள்.

அண்ணன் செல்வராஜுக்கு இலுப்பூர் கடைவீதியில் உரக்கடை. நான் கார் வாங்கப்போகிறேன் என்று போனில் சொன்னதிலிருந்து எனக்காக வண்டி பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை நிறத்தில், ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி. விற்கிறவரிடம் பேசியும் முடித்துவிட்டார்.

“கோயிலுக்குப் போகலாம், கல்யாணம் காச்சிக்குப் போகலாம். நீ அங்கிட்டுப் போனப்பறம் சும்மா நிக்காம நானும் ஓட்டிக்குவேன்.”

“எனக்கு அது வேணாண்ணே. நான் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்.”

போனில் படத்தைக் காட்டினேன். அடர்நீலம், தாழ்ந்த உடம்பு, டர்போ இன்ஜின், ஆறு கியர். கம்பெனி பெயரை இங்கே எழுதி யாருக்கும் விளம்பரம் செய்யப்போவதில்லை. வேகத்துக்கென்றே செய்த வண்டி என்பது போதும். விற்பவர் கட்டுமாவடியில் இருந்தார்.

அண்ணன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுவா? இது காலேஜுப் பயலுவ ஓட்டுற வண்டி. ஒனக்கு வயசு நாப்பத்தியாறு. தரையோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“நாலு பேரு பேசுனா நான் ஜன்னல ஏத்திக்கிறேன்.”

“வெளயாடாத கஸ்தூரி.”

“வெளயாடலண்ணே. நாளைக்குக் காலைல கட்டுமாவடி போறேன். நீயும் வர்றதா இருந்தா வா.”

வந்தார். என்னைத் தனியாக அனுப்பினால் அதற்கும் நாலு பேர் பேசுவார்கள் என்று வந்தார்.

4

விற்பவர் பெயர் மாணிக்கம். படகுகளுக்கு ஐஸ் சப்ளை செய்யும் பிளாண்ட் வைத்திருந்தார். ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கு நடுவே ஒரு கொட்டகையில் கார் நின்றது. நான் கேள்வி கேட்டேன். அவர் அண்ணனைப் பார்த்துப் பதில் சொன்னார்.

“கம்பெனி இன்ஜின்தான?”

“கம்பெனி இன்ஜின்தான் சார். ஒரு நட்டுகூடத் தொட்டதில்ல.”

“அம்மாதான் கேட்டது” என்று யாழினி சொன்னாள். அவர் அவளையும் பார்க்கவில்லை.

பானட்டைத் திறக்கச் சொன்னேன். திறந்ததும் தெரிந்துவிட்டது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் இரண்டும் புத்தம்புதிது. சில போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட பளபளப்பு. ஆர்.சி. நகலைக் கையில் எடுத்துக்கொண்டு, போன் டார்ச்சை அடித்து யாழினியைக் குனியச் சொன்னேன். இன்ஜின் நம்பர் எங்கே பொறித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்குப் போனிலேயே வழி சொல்லியிருக்கிறேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். முதல் மூன்று எழுத்தும் சரி. அதற்குப் பிறகு எதுவுமே பொருந்தவில்லை. அதே வகை இன்ஜின்தான், ஆனால் இந்தக் கார் வந்து இரண்டு வருஷம் கழித்துச் செய்தது.

“மாணிக்கம், கொஞ்சம் இங்கிட்டுப் பாருங்க. கார் வாங்கப்போறது நான். எங்க அண்ணன் இல்ல. இந்த இன்ஜின் இந்தக் காரோட பொறந்தது இல்ல. எப்ப மாத்துனீங்க?”

அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அக்கா... போன மழைக்கு அறந்தாங்கி ரோட்டுல தேங்குன தண்ணிக்குள்ள விட்டுட்டேன். இன்ஜின் தண்ணியக் குடிச்சு அப்பிடியே நின்னுருச்சு. உள்ள ராடு வளைஞ்சு போச்சு. கோயமுத்தூருல இருந்து வேற இன்ஜின் எடுத்தாந்து மாட்டுனேன். வேலை சுத்தமா பண்ணியிருக்கு அக்கா. சொன்னா வெல போகாதேன்னு சொல்லல.”

“பாத்தியா?” என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். “நான் அப்பவே சொன்னேன். வா, போகலாம். அந்த வெள்ளை வண்டிக்காரரு இன்னும் கைல வச்சிருக்காரு.”

நான் போகவில்லை. காரின் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். காய்ந்திருந்தது, உள்ளே தண்ணீர் ஏறிய தடம் இல்லை. சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புச் சட்டத்தில் துருவில்லை. சாவியைக் கேட்டு வாங்கினேன். மஸ்கட்டில் எடுத்த இன்டர்நேஷனல் பர்மிட் பையில் இருந்தது. யாழினி முன்னால் உட்கார்ந்தாள். அண்ணன் பின் சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடி பக்கமாகத் திருப்பினேன். முதலில் மெதுவாக. பிறகு ரோடு நேராக, காலியாக, இரண்டு பக்கமும் தைலமரம் மட்டுமாக வந்தபோது மூன்றாவது கியரில் வைத்து மிதித்தேன். முதுகு சீட்டில் போய் ஒட்டியது. டர்போ ஒரு சீட்டி அடித்தது. அந்தச் சத்தம் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது, அதன் நம்பர் என்ன, பெட்டியில் எப்படிப் பொதிந்து வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அது இப்படிக் கூவும் என்பது மட்டும் பதினேழு வருஷமாகத் தெரியாமல் இருந்திருக்கிறது. சிரித்துவிட்டேன். யாழினி போனில் வீடியோ எடுத்தாள். பின்னாலிருந்து அண்ணன், “ஏய், போதும், போதும்” என்று கத்தினார்.

திரும்பி வந்து இறங்கியதும் மாணிக்கத்திடம் சொன்னேன். “வாங்கிக்கிறேன். ஆனா இந்த இன்ஜின் நம்பர் ஆர்.சி.ல ஏறணும். அதுக்கப்பறம்தான் என் பேருக்கு மாத்தணும்.”

“அது ரொம்ப அலைச்சல் அக்கா. தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காரு. இதுல இருக்குற நம்பரத் தேச்சு எடுத்துட்டு, பழைய நம்பர அழகா அடிச்சுக் குடுத்துருவாரு. அரை மணி நேர வேலை. யாரு குனிஞ்சு பாக்கப்போறா?”

“நல்ல யோசனைதான” என்றார் அண்ணன். “ஊரே அப்பிடித்தான் செய்யுது.”

“நான் குனிஞ்சு பாத்தேன்ல? அதே மாதிரி இன்னொருத்தி பாப்பா.”

என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். நம்பரைத் தேய்த்த இன்ஜின் ஒன்றுக்குச் சாமான் கேட்டு ஒருவர் எங்கள் கடைக்கு வந்து, அவரைத் தேடிப் போலீஸ் வந்து, நான் நாள் முழுக்க உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததுண்டு. அதைவிடப் பெரிய காரணம் வேறு. வாழ்க்கையில் முதல் தடவையாக என் பெயரில் ஒரு சொத்துத் தாள் வரப்போகிறது. அதில் ஒரு பொய் நம்பர் இருக்கக் கூடாது.

5

புதுக்கோட்டையில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் பாஸ்கரிடம் காரைக் கொண்டுபோகும்படி மாணிக்கத்திடம் சொன்னேன். அவர் இன்ஜினை முழுக்கச் சோதித்தார். “மக்கீனா எப்பிடி இருக்கு?” என்று கேட்டுவிட்டேன். வளைகுடா அரபியில் இன்ஜினுக்கு அதுதான் பேர். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. பாஸ்கர் விழித்தார். யாழினி, “அம்மாக்குத் தமிழ் அறியில்லா” என்று சொல்லிச் சிரித்தாள். அவள் என்னைத் திருத்துகிறாள்! மூன்று பேரும் சிரித்தோம். “ஒங்க மக்கீனா நல்லா இருக்கு மேடம்” என்றார் பாஸ்கர். “எந்தக் கொறையும் இல்ல. பேப்பர் மட்டும்தான் இல்ல.”

பேப்பருக்கு வேண்டியது மூன்று. இன்ஜின் வாங்கிய ரசீது, அது முதலில் இருந்த வண்டி கழித்துக்கட்டப்பட்டதற்கான தாள், திருட்டு வண்டி இல்லை என்று போலீஸ் சான்று. கோயம்புத்தூர்ப் பழைய சாமான் வியாபாரிக்கு ஆறு நாள் தொடர்ந்து போன் செய்தேன். “பார்ட்ஸ வித்தாச்சு, அத்தோட முடிஞ்சது மேடம்” என்றார். ஏழாவது நாள், நான் நிறுத்தப்போவதில்லை என்று தெரிந்து, ரசீதையும் பழைய வண்டியின் ஆர்.சி. படத்தையும் அனுப்பினார். அதில் பொள்ளாச்சி விலாசம் ஒன்று இருந்தது. கழித்துக்கட்டிய தாள் அந்த வீட்டில்தான் இருக்கும்.

அண்ணன் வரமாட்டேன் என்றார். நானும் யாழினியும் பஸ் பிடித்துப் போனோம்.

கதவைத் திறந்தது என் வயதுள்ள ஓர் அம்மா. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

“அந்த வண்டியப் பத்தி இந்த வீட்டுல பேசாதீங்க. எம்பையன் எட்டு மாசம் படுக்கையில கெடந்தானுங்க. அதுல இருந்ததையா ஒரு பொம்பள தேடிப்புடிச்சு ஓட்டப்போறீங்க?”

“மன்னிச்சுக்கங்க” என்று சொல்லி யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். கேட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

“ஒரு நிமிஷமுங்க.”

முப்பது வயது இருக்கும். ஊன்றுகோலோடு வாசலில் வந்து நின்றிருந்தார்.

“அந்த இன்ஜின் இன்னும் ஓடுதா?”

யாழினி போனை எடுத்து, கட்டுமாவடி ரோட்டில் பிடித்த வீடியோவைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். தைலமரம் ஓடியது, டர்போ சீட்டி அடித்தது, நான் சிரித்தேன், அண்ணன் கத்தினார். அவர் மூன்று தடவை போட்டுக் கேட்டார். மூன்றாவது தடவை படத்தைப் பார்க்கவில்லை, போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

“தேர்டு கியர். இந்தச் சத்தம்தான்” என்றார். பிறகு உள்ளே திரும்பி, “அம்மா, வண்டி மேல தப்பில்ல. நான்தான் கண்ணசந்துட்டேன். எத்தன தடவ சொல்றது? அந்த ஃபைல எடுத்துக் குடும்மா” என்றார்.

அந்த அம்மா உள்ளே போய், துணி சுற்றிய ஃபைலைக் கொண்டுவந்து மகன் கையில் கொடுத்தார், என் கையில் அல்ல. இன்சூரன்ஸ் கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்ட கடிதம், ஆர்.சி. ரத்தான தாள், எல்லாம் இருந்தன. யாழினி ஒவ்வொன்றாகப் படம் பிடித்தாள். மகன் நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாங்கள் கிளம்பும்போது அந்த அம்மா என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

“பொண்ணு வச்சிருக்கீங்க. பாத்து ஓட்டுங்க.”

பஸ்ஸில் யாழினி என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். மஸ்கட்டில் அவள் அப்படிச் சாய்ந்து பல வருஷம் ஆயிற்று. நான் பேசவில்லை. பேசினால் நிமிர்ந்துவிடுவாள் என்று பயமாக இருந்தது.

6

வண்டிப் பதிவு ஆபீஸ் எந்த ஊரில் என்று எழுதப்போவதில்லை. எல்லா ஊரிலும் அது ஒன்றுதான். வாசலில் நின்ற புரோக்கர், “கொண்டாங்க மேடம், நான் முடிச்சுத் தாரேன்” என்றார். நானே உள்ளே போனேன். முதல் நாள், நகலில் சீல் மங்கலாக இருக்கிறது என்றார்கள். இரண்டாம் நாள், போலீஸ் சான்றில் ஓர் எழுத்து பிழை என்றார்கள். மூன்றாம் நாள் இன்ஜினை நேரில் பார்க்க வேண்டும், ஆனால் பார்க்க வேண்டியவர் இல்லை. நான்காம் நாள் மேசையில் இருந்த அதிகாரி தாள்களைப் புரட்டிவிட்டு, “ஹஸ்பண்ட வரச் சொல்லுங்க மேடம், அவருகிட்ட வெவரமா சொல்றேன்” என்றார்.

“அவரு மஸ்கட்ல இருக்காரு சார். அவருக்கு கார் ஓட்டவே தெரியாது. என்கிட்ட சொல்லுங்க.”

“இன்ஜின் மாத்துறதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்மா.”

“கேளுங்க சார்.”

அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். பழைய இன்ஜின் எந்த வகை, புதியது எந்த வகை, இரண்டும் ஒரே சி.சி., ஒரே எரிபொருள், ஆகவே எந்த விதியும் குறுக்கே நிற்காது என்று வரிசையாகச் சொன்னேன். பின்னால் வரிசையில் நின்ற லாரி டிரைவர் ஒருவர், “சார், அந்தம்மா சொல்றது சரிதான்” என்றார். அதிகாரி தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெயிலில் நின்ற காரின் பானட்டைத் திறந்தேன். நம்பர் எங்கே இருக்கிறது என்று அவர் தேடினார். யாழினி டார்ச் அடித்துக் காட்டினாள்.

“சார், நீ இங்க நோக்கு” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, சிரித்துவிட்டார். “நோக்குறேம்மா” என்று சொல்லிக் குனிந்தார்.

லீவு முடிய நான்கு நாள் இருக்கும்போது ஆர்.சி. கைக்கு வந்தது. சரியான இன்ஜின் நம்பர். உரிமையாளர்: கஸ்தூரி. நின்ற இடத்திலேயே இரண்டு தடவை படித்தேன். அன்று சாயங்காலம் இலுப்பூர் கடைவீதி வழியாக, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, மறுபடி கடைவீதி வழியாக ஓட்டினேன். வேகமாக அல்ல. எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று இருபதில்தான் போனேன். பார்த்தார்கள். ஜன்னலை ஏற்றவில்லை.

மறுநாள் அண்ணன் சாவிக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. பத்து நாளைக்கு ஒரு தடவை இன்ஜினை ஓடவிட்டு, டயருக்குக் காற்றுப் பார்க்க, காரையும் சாவியையும் பாஸ்கரிடமே விட்டுவைப்பதாகச் சம்பளம் பேசியிருந்தேன்.

“கூடப் பொறந்தவன நம்பல. மெக்கானிக்க நம்புற.”

“நம்பிக்கை இல்லாம இல்லண்ணே. ஒன்கிட்ட குடுத்தா அது ஒன் காராயிரும். எனக்கு அது என் காரா இருக்கணும்.”

அவர் திருச்சி ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. அதன்பின் பதினோரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். ஆனாலும் சாவியைக் கொடுத்திருக்கலாமோ என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

7

யாழினி இப்போது அயர்லாந்தில் இருக்கிறாள். வாரம் ஒரு தடவை பேசுவாள், சில வாரம் அதுவும் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால் ‘ம்’ என்பாள். அவளுடைய தமிழ் இன்னும் தேய்ந்துவிட்டது. அது என் கையை விட்டுப் போய்விட்டது, நான் பிடித்து இழுக்கப்போவதில்லை. ஆனால் போனை வைக்கும் முன் அவளாகவே கேட்கிற ஒரு கேள்வி உண்டு. “மக்கீனா ஓக்கேயா அம்மா?”

அண்ணன் போன வெள்ளிக்கிழமை பேசினார். லீவு நாள். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். திரையில் அவர் பெயரைப் பார்த்ததும், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

“நல்லா இருக்கியா?”

“இருக்கேண்ணே. அண்ணி நல்லா இருக்காங்களா?”

“ம். ஆவணியில பெரியவனுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. நீ அவசியம் வந்துரணும்.”

“வாரேன்.”

அவர் தொண்டையைச் செருமினார்.

“பொண்ணு வீட்டுக்காரவுங்க கந்தர்வகோட்டை. அங்க ஒன் காரப் பத்திக் கேள்விப்பட்டிருக்காங்க. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த நீலக் காரு வருமான்னு கேட்டாங்க. நானும் வரும்னு சொல்லிட்டேன்.”

“தாராளமா வரும்ணே.”

“அப்ப அந்த பாஸ்கர்ட்ட சொல்லி சாவிய...”

“சாவி என்கிட்ட இருக்கும். நான்தான ஓட்டப்போறேன்.”

“மாப்பிள்ளை அழைப்புக்கு நீயா?”

“அத்தை ஓட்டுனா மாப்பிள்ளை எறங்கி ஓடிருவானா? காரு வேணும்னா என்னோடதான் வரும்.”

அந்தப் பக்கம் கடைவீதிச் சத்தம் கேட்டது. உரமூட்டையை யாரோ இறக்கினார்கள். இந்தப் பேச்சோடு இன்னும் பதினோரு மாதம் போய்விடும் என்று நினைத்தேன். போனை அவர் வைக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் வைக்கவில்லை.

“சரி” என்றார் கடைசியில். “பையன் பின்னாடி உக்காரட்டும். நான் முன்னாடி ஏறிக்கிறேன். மெதுவா ஓட்டுவியா?”

“மெதுவாவான்னு தெரியாதுண்ணே. ஒழுங்கா ஓட்டுவேன். நீ ஏறுனதும் பெல்ட்ட மட்டும் போட்டுக்க.”